ஆம்பூரிலிருந்து வந்த வாழ்த்துத் தந்தி

நான் எஸ்.எஸ்.எல்.சி. தேறி, டைப்ரைட்டிங்கில் ஹையரும் முடித்துவிட்டுக் குடியாத்தத்தில் எங்கள் வீட்டில் உட்கார்ந்து தபால்காரரை எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். என்னைப் போலவே தெருவுக்கு நாலைந்து பேர் எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுதந்திரம் வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. படித்தவனுக்கு நாற்காலி காத்திருக்கிறது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லியிருந்தார்கள். எந்த ஊரில் என்று சொல்லவில்லை.

அந்தக் காலத்து விண்ணப்பங்களுக்கு ஒரே தொடக்கம்தான். 'பீயிங் கிவன் டு அண்டர்ஸ்டாண்ட்' என்று ஆரம்பிக்க வேண்டும். தங்கள் மேலான அலுவலகத்தில் ஓர் இடம் காலியாக இருப்பதாக அறிய வந்தேன் என்று அதற்குப் பொருள். பெரும்பாலும் நான் அப்படி எதையும் அறிய வந்திருக்கவில்லை. இடம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என்று கண்ணில் பட்ட விலாசத்துக்கெல்லாம் அந்த வாக்கியத்தை அடித்து அனுப்பினேன். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் மெஷினுக்கு வரிசை இருக்கும். எனக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர் எழுந்திருக்கும்வரை நான் அவர் தோளுக்கு மேலாகப் படித்துக்கொண்டிருப்பேன். அவரும் அறிய வந்துகொண்டிருப்பார்.

பின்னாளில் செய்தித்தாளில் வேலை பார்த்தபோது, ஒரே செய்தியை நாலு நிருபர்கள் ஒரே மாதிரி எழுதிக் கொடுத்தால் உதவி ஆசிரியர் எதையும் படிக்காமல் ஓரமாக வைப்பதைப் பார்த்தேன். அப்போதுதான் என் விண்ணப்பங்களின் கதி புரிந்தது. அன்று புரியவில்லை. பதில் வராததற்குத் தபால் இலாகாதான் காரணம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நேரிலும் போய்ப் பார்த்தேன். எங்கள் பக்கத்தில் வேலை என்றால் டேனரிதான். தோல் பதனிடும் தொழிற்சாலையை எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். ஆம்பூரில் அவை வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் கேட்டிலும் 'வேலை காலி இல்லை' என்று ஒரு பலகை. பலகைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல். ஸ்டூலில் ஒரு வாட்ச்மேன்.

"இன்னா வேணும்?"

"மானேஜரைப் பாக்கணும்."

"படிக்கத் தெரியுமா?"

"எஸ்.எஸ்.எல்.சி."

"அப்ப அந்தப் போர்டைப் படி."

இப்படி ஒருவர் கேட்டார். அடுத்த கேட்டில் இருந்தவர் இவ்வளவு பேசவில்லை. கையை மட்டும் அசைத்தார். நான் வந்த வழியே ஸ்டேஷனுக்கு நடந்தேன்.

எங்கள் வீட்டில் லுங்கி நெய்தார்கள். நைனாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, மூன்று தறிகள். நானும் உட்கார்ந்து பார்த்ததுண்டு. நான் உட்கார்ந்த தறியில் நூல் அறுபடும் சத்தம்தான் அதிகம் கேட்கும். "நீ தறியில உக்காந்தா உனக்குக் கஷ்டம் இல்லடா, நூலுக்குத்தான் கஷ்டம்" என்று நைனா என்னை எழுப்பிவிட்டார். அதில் எனக்கும் வருத்தமில்லை. ஆனால் அம்மாவின் அண்ணன், என் மாமா, வேறு ஒரு யோசனையோடு வந்தார். அவர் எங்கள் லுங்கிகளை மூட்டை கட்டித் தெலுங்குப் பக்கம், பலமநேர், புங்கனூர் என்று ஊர் ஊராகக் கொண்டுபோய் விற்பவர். ஒரு மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு, இன்னொரு மூட்டைக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார்.

"இவனை என்னோட அனுப்பு மச்சான். நல்லா தெலுங்கு பேச வரும்" என்றார்.

"அவனுக்குத் தெலுங்கே தெரியாதே."

"மூட்டை தூக்கிட்டு நாலு ஊரு நடந்தா தானா வரும்."

நைனா நியாயமான மனிதர். என்னைப் படிக்க வைத்ததும் அவர்தான் என்பதால், மாமாவுக்கு உடனே தலையாட்ட அவருக்குக் கூச்சமாக இருந்தது. என்னைக் கூப்பிட்டு ஒப்பந்தம் போட்டார்.

"வேலை கெடைக்கணும்னு நான் சொல்லல. அது உன் கையில இல்ல. ஆனா இந்தத் தை பொறக்கறதுக்குள்ள ஒருத்தனாவது உன்ன வான்னு கூப்பிட்டுப் பாக்கணும். ஒரே ஒரு இண்டர்வியூ கார்டு. அது வந்தா நீ படிச்சவன்தான்னு நான் ஒத்துக்கறேன், இன்னும் எவ்ளோ நாள் வேணா தேடு. வரலன்னா, பொங்கல் கழிச்சி மாமாவோட கெளம்பு."

அப்போது ஐப்பசி. மாமா என் கழுத்தைப் பார்த்துவிட்டு, "பாரம் தாங்கும்" என்று சொல்லிக்கொண்டு போனார்.

இந்த ஒப்பந்தத்துக்குப் பிறகு அம்மா என் விண்ணப்பங்களைக் கையில் எடுத்துக்கொண்டாள். ஒட்டிய கவர்களைச் சாமி படத்துக்கு முன்னால் வைப்பது முன்பே வழக்கம். இப்போது ஒவ்வொரு கவருக்கும் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவ ஆரம்பித்தாள்.

"அம்மா, இது ஆபீசுக்குப் போற கவரு."

"ஆபீசுக்குப் போனா இன்னா? நல்ல காரியத்துக்கு மஞ்சள் வெக்காம வேற எதுக்கு வெக்கறது? இத்தினி நாளா வெறும் கவராத்தானே அனுப்பின. எவன் கூப்பிட்டான்?"

ஒருமுறை ஈரத் துணியால் துடைத்துப் பார்த்தேன். மஞ்சள் பரவிக் கவர் முழுவதும் மஞ்சளாயிற்று. அதன் பிறகு விட்டுவிட்டேன். மூலைகளில் மஞ்சளும் நடுவில் டைப் அடித்த விலாசமும் பின்பக்கம் என் பெயர், ஊர் விவரமுமாகக் கவர்கள் ஐப்பசியிலும் கார்த்திகையிலும் மார்கழியிலும் போயின. தபால் ஆபீசில் முத்திரை குத்துபவர் என்னைப் பார்த்துச் சிரித்ததுண்டு. ஏதோ நட்பாகச் சிரிக்கிறார் என்று நானும் சிரித்தேன்.

மார்கழி முக்கால்வாசி கடந்த ஒரு காலையில் தந்திச் சேவகர் சைக்கிளை எங்கள் வீட்டு வாசலில் நிறுத்தினார். அப்போதெல்லாம் தந்தி வந்தால் ஒரே அர்த்தம்தான். அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே அம்மா அழ ஆரம்பித்துவிட்டாள். யாருக்காக என்று முடிவு செய்யாததால் பெயர் சொல்லாமல் அழுதாள். எங்கள் தறி நின்றது. அதைக் கேட்டுப் பக்கத்து வீட்டுத் தறி நின்றது. கொஞ்ச நேரத்தில் தெருவில் ஒரு தறியும் ஓடவில்லை.

வாசலில் நின்றவர்களில் இங்கிலீஷ் படிப்பவன் நான்தான். பிரித்தேன். ஆம்பூரிலிருந்து, நான் விண்ணப்பித்திருந்த ஒரு டேனரியின் பெயரில் வந்திருந்தது. இண்டர்வியூவுக்குத் தந்தி கொடுத்துக் கூப்பிடுகிறார்கள் என்றால் நான் எப்பேர்ப்பட்ட ஆளாக இருக்க வேண்டும். பிறகு உள்ளே இருந்ததைப் படித்தேன். இன்னொரு முறை படித்தேன்.

"யாரு போய்ட்டாங்க?" என்றார் நைனா.

"யாரும் போகல."

"பின்ன இன்னாதான் போட்டிருக்குது?"

"கல்யாண வாழ்த்து."

அம்மா அழுகையை நிறுத்தினாள். "யாருக்குடா கல்யாணம்?"

"என் பேருதான் போட்டிருக்குது. மணமக்கள் நல்லா இருக்கணும்னு."

வந்து கூடியவர்களில் ஒருவர்கூடக் கலையவில்லை. சாவு வீடாக இருந்தால் பாதிப் பேர் போயிருப்பார்கள்.

"மார்கழியில எவன்டா கல்யாணம் பண்ணுவான்?" என்றார் நைனா.

"ஒளிஞ்சி பண்றவனுக்கு மார்கழிதான் சௌகரியம்" என்றார் மாமா. "முகூர்த்த நாள்ல பண்ணா மண்டபம் கெடைக்காது, நாலு பேருக்குத் தெரிஞ்சிபோவும்."

"மாமா, எனக்குக் கல்யாணம் ஆகல."

"ஆம்பூர்ல இருந்து தந்தி வருது. மாசத்துக்கு ரெண்டு தபா ஆம்பூருக்குப் போற. வேலை தேடறேன்னு போற, வேலை கெடைக்க மாட்டேங்குது. நாங்க இன்னாத்தை நெனைக்கறது?" அவர் குரல் தாழ்ந்தது. "கல்யாணம் பண்ணிக்க, வேணான்னு சொல்லல. தாய்மாமன் நான் ஒருத்தன் இங்க நிக்கறேன். எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்ல?"

அவருக்கு உண்மையிலேயே கண் கலங்கியிருந்தது. மாலை போட்டு மரியாதை வாங்க வேண்டிய ஆளை விட்டுவிட்டு எவனோ தோல்காரன் வாழ்த்துகிறான் என்பதுதான் அவருடைய குறை. மூட்டைக்கு ஆள் குறைகிறதே என்ற கவலையும் இருந்திருக்கும்.

அன்றே பாசஞ்சர் வண்டி பிடித்து ஆம்பூர் போனேன். அதே கேட், அதே பலகை, அதே வாட்ச்மேன். தந்தியை நீட்டினேன். அந்த மாதிரித் தந்தி அவருக்குப் பழக்கம் போலிருந்தது, ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டார்.

"கல்யாண வூட்டுக்காரரா? வாங்க வாங்க. உள்ள போங்க, நேராப் போயி லெஃப்ட்."

இத்தனை மாதங்களாகப் படித்தவனுக்குத் திறக்காத கேட், கல்யாணம் ஆனவனுக்குத் திறந்தது. தோல் பதனிடும் ஆவாரம்பட்டை மலைபோல் குவிந்திருந்தது. தோல் ஊறும் சுண்ணாம்புத் தொட்டிகளைத் தாண்டும்போது மூக்கை மூட வந்த கையைச் சட்டைப் பைக்கே திருப்பி அனுப்பினேன். யாராவது பார்த்துக்கொண்டிருக்கலாம்.

அலுவலகத்தில் ஹெட் கிளார்க் இருந்தார். நடு வயது, தொப்பி, காதில் பென்சில். தந்தியைப் பார்த்ததும் எழுந்து கை கொடுத்து, டீ கொண்டுவரச் சொன்னார்.

"சந்தோசம் தம்பி. மாப்பிள்ளைக்கு நீங்க இன்னா வேணும்?"

"மாப்பிள்ளையே நான்தான்."

"அடடே. கல்யாணம் முடிஞ்சிடுச்சா?"

"ஆரம்பிக்கவே இல்ல சார். நான் டைப்பிஸ்ட் வேலைக்கு அப்ளிகேஷன் போட்டேன்."

அவர் மேஜைக்கு அடியிலிருந்து ஒரு பிரம்புக் கூடையை இழுத்தார். கூடை நிறைய மூலையில் மஞ்சள் தடவிய கவர்கள். ஒன்றும் பிரிக்கப்படவில்லை. விளக்கத்தை அவர் சொல்லச் சொல்லத்தான் எனக்கு விளங்கியது.

அந்த டேனரிக்குத் தோல் கொண்டுவருகிறவர்கள், பட்டை கொண்டுவருகிறவர்கள், வண்டிக்காரர்கள், அவர்களுடைய சொந்தக்காரர்கள் என்று மாவட்டம் முழுவதிலும் இருந்து கல்யாணப் பத்திரிகை வரும். எல்லாவற்றுக்கும் முதலாளி போக முடியாது. ஆனால் போகவில்லை என்று ஒருவரும் குறைப்பட்டுக்கொள்ளக் கூடாது. அதனால் அவருடைய தகப்பனார் காலத்திலேயே ஒரு வழக்கம் ஏற்பட்டது. மஞ்சள் வைத்த கவரை முதலாளிதான் தன் கையால் பிரிக்க வேண்டும், அது அனுப்பியவருக்கு மரியாதை. முதலாளி மெட்ராசில் வியாபாரமாக இருந்தால், கவரின் பின்னால் உள்ள பெயருக்கு ஒரு வாழ்த்துத் தந்தி கொடுத்துவிட்டுக் கவரைக் கூடையில் போட வேண்டும். வாழ்த்துத் தந்திகளுக்கு அப்போது நம்பர் உண்டு. நம்பரைச் சொன்னால் போதும், வாசகத்தைத் தபால் ஆபீசே போட்டுக்கொள்ளும்.

"தேதி தெரியாம எப்படி சார் வாழ்த்தறது?"

"ஆனவங்களுக்கும் ஆகப்போறவங்களுக்கும் ஒரே தந்திதான் தம்பி." பிறகு அவரே யோசித்தார். "இந்த மார்கழியில ஜாஸ்தியா வருதேன்னு எனக்கே கொஞ்சம் டவுட் வந்துது."

"டவுட் வந்ததும் இன்னா பண்ணீங்க?"

"தந்தி குடுத்தேன்."

ஆம்பூரில் இன்னும் எத்தனையோ அலுவலகங்களுக்கு நான் மஞ்சள் கவர் அனுப்பியிருந்தேன். அங்கேயும் அவை இப்படித்தான் எங்காவது கிடந்திருக்க வேண்டும். வாழ்த்துச் சொல்லும் மரியாதை இவர்களிடம் மட்டும் இருந்ததால் எனக்கு விஷயம் தெரிந்தது.

டைப்பிஸ்ட் இடத்துக்குப் போன வாரமே இண்டர்வியூ முடிந்து, வாணியம்பாடிப் பையன் ஒருவன் சேர்ந்தும் விட்டான். ஹெட் கிளார்க் வருத்தத்தோடு சொன்னார். எனக்கு வேலை போனது பெரிதாகத் தோன்றவில்லை. மாமாவின் மூட்டைதான் தோன்றியது.

"சார், எனக்கு வேலை வேணாம். ஒரு இண்டர்வியூ கார்டு மட்டும் குடுங்க."

"இண்டர்வியூதான் முடிஞ்சிபோச்சே."

"முடிஞ்சிபோன இண்டர்வியூவுக்கே குடுங்க."

அவர் காதிலிருந்த பென்சிலை எடுத்து மேஜையில் வைத்தார். "என் சர்வீசுல இப்படி ஒருத்தர் கேட்டதில்ல தம்பி. வாங்க, முதலாளி நேத்துதான் வந்தார். அவர்கிட்டயே சொல்லுங்க."

முதலாளி வயதானவர். மேஜை முழுவதும் பதனிட்ட தோல் துண்டுகள். நான் சொல்லி முடிக்கும்வரை ஒன்றை எடுத்து மடிப்பதும் விரிப்பதுமாக இருந்தார். சிரிக்கவில்லை. கூடையைக் கொண்டுவரச் சொன்னார். ஒவ்வொரு கவராகத் தன் கையால் பிரித்தார். முதலில் வந்தவை நியாயமான பத்திரிகைகள். அவற்றைத் தனியே வைத்தார். பிறகு ஒரு கவரிலிருந்து 'பீயிங் கிவன் டு அண்டர்ஸ்டாண்ட்' வந்தது. ஒடுகத்தூர். அடுத்து என்னுடையது. அடுத்து வாலாஜாபேட்டையிலிருந்து ஒன்று. இன்னும் பிரிக்கப் பிரிக்க வந்துகொண்டே இருந்தன. மஞ்சள் வைக்கும் அம்மா எனக்கு மட்டும் வாய்த்தவள் என்று நினைத்திருந்தேன்.

"எல்லாருக்கும் தந்தி குடுத்தாச்சா?" என்று முதலாளி ஹெட் கிளார்க்கிடம் கேட்டார்.

"குடுத்தாச்சு சாஹிப்."

"இத்தினி பேருக்கு ஒரே மாசத்தில நிக்கா பண்ணி வச்சிட்டியே. பெரிய ஆளுதான் நீ." அப்போதும் அவர் முகம் மாறவில்லை. "இவங்க வூட்லல்லாம் இன்னா பேஜாரோ. மெனக்கெட்டு கவர்ல விலாசம் அடிச்சி, மஞ்சள் வச்சி அனுப்பிருக்காங்க. நாம பிரிச்சிக்கூடப் பாக்கல. இன்னொரு டைப்பிஸ்ட் வேணும்னு நீ ரொம்ப நாளா கேக்கற இல்ல?"

"ஆமா சாஹிப்."

"இவங்கள எல்லாம் கூப்பிடு. யாரு நல்லா அடிக்கறாங்களோ அவங்கள வச்சிக்க. பொங்கல் முடிஞ்சி வரச் சொல்லு, பண்டிகை நேரத்தில அலைய வேணாம்."

வாணியம்பாடிப் பையன் அன்று லீவு. கார்டுகளை யார் அடிப்பது என்று ஹெட் கிளார்க் மெஷினைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அத்தனை கார்டுகளையும் நானே அடித்தேன். என் பெயருக்கு வந்த முதல் இண்டர்வியூ கார்டை, தப்பில்லாமல், ஓரம் சரியாக விட்டு, நானே எனக்கு அடித்துக்கொண்டேன். ஹெட் கிளார்க் கையெழுத்துப் போட்டு என்னிடம் நீட்டினார்.

"கையில வேணாம் சார். தபால்ல போடுங்க."

"ஏன், கையில கெடைச்சா நல்லதுதானே?"

"கையில கொண்டுபோனா நானே அடிச்சதுன்னு எங்க நைனா சொல்வாரு."

"நீங்கதானே அடிச்சீங்க."

"அதனாலதான் சார்."

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். கல்யாணம் இல்லை என்பதை நம்பினார்கள். கார்டு வருகிறது என்பதை நம்பவில்லை. அம்மா மட்டும், மஞ்சள் வைத்ததால்தானே முதலாளி வரைக்கும் போனது என்றாள். நைனா ஒப்பந்தத்தில் உறுதியாக இருந்தார். "வந்தா பாப்போம்" என்றார். தை பிறக்கச் சில நாட்கள்தான் இருந்தன. அடுத்த நாள் தபால்காரர் எங்கள் வீட்டைத் தாண்டிப் போனார். அதற்கடுத்த நாளும் போனார். மாமா கூடத்தில் உட்கார்ந்து லுங்கிகளை இரண்டு மூட்டையாகப் பிரித்துக் கட்டினார். எனக்கான மூட்டை எதுவென்று சொல்லவில்லை. எடை பார்த்து எனக்கே தெரிந்தது.

போகிக்கு முதல் நாள் கார்டு வந்தது. கையெழுத்தின் மேல் தபால் முத்திரை விழுந்து பாதி எழுத்து மறைந்திருந்தது. நைனா அதை வாங்கி, இங்கிலீஷ் தெரியாவிட்டாலும் முழுவதும் பார்த்தார். திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். மாமாவிடம் கொடுத்தார். மாமா வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இதுவும் வாழ்த்துதானான்னு நல்லா கேட்டுக்க" என்றார்.

பொங்கல் முடிந்து இண்டர்வியூவுக்குப் போனேன். வராந்தாவில் பெஞ்சு போட்டு எங்களை உட்கார வைத்திருந்தார்கள். எல்லோர் வீட்டிலும் தந்தி வந்திருந்தது. வாலாஜாபேட்டைக்காரர் வீட்டில் ஒரு நாள் அடுப்பு எரியவில்லையாம். ஒடுகத்தூர்க்காரர் மட்டும் தெளிவாக இருந்தார். அவர் வீட்டில் தந்தியைச் சாமி வாக்காக எடுத்துக்கொண்டு, ரொம்ப நாளாகத் தள்ளிப்போன சம்பந்தத்தை முடிவு செய்துவிட்டார்களாம். "வேலை கெடைச்சாலும் கெடைக்காட்டியும் மாசியில கல்யாணம்" என்றார். பத்திரிகை கொடுக்க எங்கள் விலாசங்களைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

லண்டனுக்குப் போகும் ஒரு கடிதத்தைச் சொல்லி, முறை வைத்து அடிக்கச் சொன்னார்கள். வாலாஜாபேட்டைக்காரர் அடித்த வேகத்தில் முறைக்குக் காத்திருந்த நாங்கள் எழுந்து வந்து அவரைப் பார்த்தோம். அதற்குப் பிறகு முதலாளி ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். என்னிடம், "இந்த வாசனை ஒத்துக்குமா பேட்டா?" என்று மகனைக் கேட்பதுபோல் கேட்டார். ஒத்துக்கும் என்றேன். என் கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அவர் ஒரு டம்ளர் டீ வரவழைத்து, நான் குடித்து முடிக்கும்வரை வேறு எதையும் கேட்கவில்லை.

வேலை வாலாஜாபேட்டைக்குப் போயிற்று. அதில் தகராறு எதுவுமில்லை.

இருட்டுவதற்குள் வீடு வந்தேன். நைனா தறியிலிருந்து எழுந்து வந்தார். இன்னா ஆச்சு என்று கேட்கவில்லை. "இன்னா கேட்டாங்க?" என்றார். லெட்டர் அடிக்கச் சொன்னார்கள் என்றேன். முதலாளியே கேள்வி கேட்டார், டீ கொடுத்தார், வேலை வேறு ஆளுக்குப் போய்விட்டது என்றேன்.

"முதலாளியே கேட்டாரா?"

"ஆமா."

"உன்ன உக்கார வச்சி கேட்டாரா, நிக்க வச்சி கேட்டாரா?"

"உக்கார வச்சி."

நைனா வாசலுக்குப் போனார். எதிர்வீட்டுக்காரரிடம், ஆம்பூரில் முதலாளியே என் பையனை நாற்காலியில் உட்கார வைத்து டீ கொடுத்துப் பேசினார் என்று சொல்வது கேட்டது. வேலை விஷயத்தை அவர் சொல்லவில்லை, எதிர்வீட்டுக்காரரும் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் மாமா பலமநேருக்குக் கிளம்பினார். ஒரு மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு, இன்னொன்றைச் சுவரோரம் தள்ளி வைத்துவிட்டுப் போனார்.